எலுமிச்சையில் மின்சாரம் இல்லை

பள்ளி அறிவியல் விழாக்களில் எலுமிச்சைப் பழத்தால் எல்.இ.டி. விளக்கை எரியவைக்கும் சோதனைக்கு எப்போதும் கூட்டம் கூடும். பழத்துக்குள் மின்சாரம் இருக்கிறது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முக்கியமான வேலையைச் செய்வது பழத்தில் குத்தியிருக்கும் ஆணிதான்.

அந்த ஆணியில் துத்தநாகம் பூசப்பட்டிருக்கும். துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனியாகிச் சாற்றில் கரைகிறது. எலக்ட்ரான்கள் கம்பி வழியே மறுபக்கத்துச் செம்புக்கு ஓடுகின்றன. அங்கே சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவற்றைப் பெற்று வாயுவாகின்றன. கம்பியில் நடக்கும் இந்த ஓட்டமே மின்சாரம். ஒரு பழத்துக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும். கணக்குப்படி இரண்டு பழம் போதும். ஆனால் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மூன்று, நான்கு தேவைப்படும்.

பழம் தருவது கொஞ்சம் அமிலமும், அயனிகள் நகர ஈரமான பாதையும்தான். சந்தேகம் இருந்தால் ஆணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பையே குத்திப் பாருங்கள், விளக்கு எரியாது. 1800இல் மின்கல அடுக்கை அறிவித்த அலெஸாண்ட்ரோ வோல்ட்டாவுக்குப் பழமே தேவைப்படவில்லை. வெள்ளி, துத்தநாக வில்லைகளுக்கு இடையில் உப்பு நீரில் நனைத்த அட்டையை வைத்தார், அவ்வளவுதான்.

உப்பு நீர் பாதையாகும் என்றால் உமிழ்நீரும் ஆகும். சி.ஆர்.2032 எனும் வட்ட லித்தியம் மின்கலம் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அந்த எண்ணின் பொருளே அதுதான். நம் 20 சென் காசு அளவுள்ள இதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான சதையே கம்பியாகிவிடுகிறது. மின்கலத்தின் எதிர்முனையில் நீர் சிதைந்து ஹைட்ராக்சைடு அயனிகள் உருவாகின்றன. அடைத்த குழாயைச் சுத்தம் செய்யும் காரம் போல அவை சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம்.

‘தீர்ந்துபோன’ மின்கலமும் ஆபத்தானதே. மின்னழுத்தம் சற்றுக் குறைந்ததும் கார் சாவி வேலை செய்யாமல் போகலாம். நீரைச் சிதைக்கவோ சுமார் 1.23 வோல்ட்டே போதும். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தில் காசு ஒரே வட்டமாகவும் மின்கலம் இரட்டை வளையமாகவும் தெரியும்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால், சமையலறைத் தராசு, ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கழற்றிய பழைய மின்கலத்தின் இரு முகங்களையும் டேப்பால் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.