25-ஆம் வாசலும் 587-ஆம் வாசலும்

வெளியிலிருந்து வரும் மெயிலை நம் சர்வர் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இனி எதிர்த்திசை. ஒருவர் மெயிலை வெளியே அனுப்பச் சொல்லித் தந்தால், அவர் யாரென்று சர்வர் முதலில் கேட்க வேண்டும். சர்வர்கள் மெயிலைக் கடத்துவதற்கென 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில் இந்தக் கேள்வியே கிடையாது.

அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுக்கூடத்தாரும் ராணுவத்தாரும்தான். யார் மெயில் தந்தாலும் வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்துவது அங்கே ஒத்தாசை. 'ஓப்பன் ரிலே' என்ற அந்த ஒத்தாசையைத் தொண்ணூறுகளில் ஸ்பேம் அனுப்புவோர் சூறையாடினார்கள். முகம் தெரியாத ஒருவர் உங்கள் சர்வர் வழியே குப்பையைக் கொட்டுவார். பிளாக்லிஸ்டில் ஏறுவது உங்கள் முகவரி. 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற மெயில் சர்வர் மென்பொருள், ரிலேயை மூடிய நிலையிலேயே வெளியானது. கருத்துரிமைப் போராளி ஜான் கில்மோர் மட்டும் கொள்கைக்காகவே தன் சர்வரைத் திறந்து வைத்திருந்தார். அவர் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அடுத்தவர் தலையில் குப்பை விழும்போது அந்த வாதம் நிற்காது.

மூடியதும் வேறு சிக்கல். வெளியூர் போன நம் ஆளும் சர்வருக்கு அந்நியர்தான். அவரை அடையாளம் காண வந்தது 1999-இன் எஸ்.எம்.டி.பி. ஆத். அதற்குச் சில மாதம் முன்பே, பயனர்கள் மெயிலை ஒப்படைக்கவென்று 587 என்ற தனி போர்ட் ஒதுக்கப்பட்டிருந்தது.

பலர் தடுமாறுவது இங்கேதான். 25-ஆம் போர்ட் ஊராருக்கான வாசல். மற்ற சர்வர்கள் நமக்கு மெயில் கொண்டுவரும் இடம். அவர்களிடம் நம் பாஸ்வேர்ட் இருக்காது. அங்கே லாகின் கட்டாயம் என்று வைத்தால் நமக்கு ஒரு மெயிலும் வராது. 587 வீட்டாருக்கான வாசல். லாகின் இல்லாமல் அங்கே யாரையும் விடக்கூடாது. 25-இல் ஆத்தை அறவே நிறுத்திவிடுங்கள். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பாட்களுக்கு ஒரு வழி குறையும்.

இனி அமைப்பு. நம் சர்வரில் மெயிலைக் கடத்தும் மென்பொருளான போஸ்ட்பிக்ஸ் தானாகப் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதில்லை, மெயில்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட்டிடம் கேட்கும். இருவரும் பேசிக்கொள்ளும் சாக்கெட் ஃபைல், போஸ்ட்பிக்ஸின் ஸ்பூல் டைரக்டரிக்குள் இருப்பது நல்லது. குரூட்டில், அதாவது அந்த டைரக்டரிக்குள் அடைபட்டு, ஓடும் போஸ்ட்பிக்ஸுக்கு அதற்கு வெளியே கண் தெரியாது. அந்த ஃபைலைத் திறக்க போஸ்ட்பிக்ஸ் பயனருக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். லாகின் வேலை செய்யாவிட்டால் நான் முதலில் தேடும் இடம் இது.

இணைப்பை மறையாக்கும் டி.எல்.எஸ். தொடங்கும் முன் பாஸ்வேர்டை வாங்கவே கூடாது. 'பிளெய்ன்' முறையில் அது பேஸ்64 உருவில் போகிறது. பார்க்க மறைபொருள் போலத் தெரியும். ஒட்டுக்கேட்பவர் நொடியில் பிரித்துவிடுவார்.

பிறகு சோதனை. 587-இல் இணைந்து வணக்கம் சொன்னதும் வரும் பதிலில் 'ஆத்' என்ற வரி இருக்கக்கூடாது, டி.எல்.எஸ். தொடங்கிய பின்தான் தெரிய வேண்டும். அடுத்து, வெளி நெட்வொர்க்கிலிருந்து 25-இல் இணைந்து, லாகின் இல்லாமல் வேறொரு டொமைனுக்கு மெயில் தந்து பாருங்கள். 'ரிலே அக்சஸ் டினைட்' என்று மறுத்தால் சர்வர் பத்திரம்.

இன்னொன்று பாக்கி. முறையாக லாகின் செய்த ஊழியரே மேலாளரின் முகவரியைப் போட்டு அனுப்பலாம். போஸ்ட்பிக்ஸ் இயல்பாக அதைத் தடுப்பதில்லை. எந்த லாகினுக்கு எந்த முகவரி என்று பட்டியல் கொடுத்து, பொருந்தாததை நிராகரிக்கச் சொல்லலாம். அதுவும் உறை மேல் இருக்கும் முகவரியை மட்டுமே பார்க்கும். பெறுபவர் கண்ணில் படும் 'ஃப்ரம்' வரிக்குத் தனி வடிகட்டி வேண்டும். அடுத்த வாரம் அதை அமைப்போம்.