இயந்திரம் முடிவு சொன்னால் யாரைக் கேட்பது?



செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு கொடுத்தாலே போதும், ‘நன்மை மூன்று, தீமை மூன்று’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஆனால், ‘மனித உரிமையைக் காக்க அதற்குச் சட்டக் கட்டுப்பாடு தேவையா?’ என்று கேட்டுவிட்டால் அந்தப் பட்டியல் கைகொடுக்காது. அப்போது ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு கருவி என்னைப் பற்றி முடிவு சொன்னால், ‘ஏன்?’ என்று நான் யாரைக் கேட்பது?

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றத்தில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் தண்டனை விதிக்கும்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியின் பரிந்துரையும் பார்க்கப்பட்டது. சபா, சரவாக்கில் 2014 முதல் 2019 வரையிலான பழைய வழக்குகளின் தரவுகளைக் கொண்டு உருவான கருவி அது. ஒரே மாதிரி குற்றத்துக்கு ஒரே மாதிரி தண்டனை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பரிந்துரைப்பது மட்டுமே அதன் வேலை. தீர்ப்பு மாஜிஸ்திரேட்டின் கையில்தான். இருந்தும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார்.

நோக்கம் நல்லதுதானே, பிறகு என்ன சிக்கல்? கருவி பழைய தீர்ப்புகளிலிருந்தே கற்கிறது. பழையதில் பாரபட்சம் இருந்தால் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். இதைக் கருதியே அந்தக் கருவியிலிருந்து ‘இனம்’ என்ற விவரம் நீக்கப்பட்டது. ஆனால், பொதுவாக இத்தகைய கருவிகளில் இனத்தை எடுத்துவிட்டாலும், வசிப்பிடம், வருமானம் போன்ற விவரங்கள் வழியாக அதே பாரபட்சம் பின்வாசலில் நுழையலாம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி. கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரியாதவர், தாம் சமமாக நடத்தப்பட்டோமா என்பதை எப்படி நிரூபிப்பார்?

அதே 2020 பிப்ரவரியில் நெதர்லாந்தில் ஒரு தீர்ப்பு வந்தது. அரசு உதவித்தொகையில் யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க, அந்நாட்டு அரசு ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. அது இயங்கும் விதம் வெளிப்படையாக இல்லை, சரிபார்க்கவும் முடியவில்லை. எனவே தனிமனித அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று ஹேக் நீதிமன்றம் அதன் சட்ட அடிப்படையையே தள்ளுபடி செய்தது. கவனியுங்கள்: மோசடியைத் தடுப்பது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விளக்க முடியாத முறையில் தடுப்பதுதான் தவறு என்றது.

சட்டம் இங்கேதான் தேவைப்படுகிறது. மலேசியாவில் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் ஏழு கோட்பாடுகள் கொண்ட வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை எல்லாம் அதில் உண்டு. ஆனால், வழிகாட்டியைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். மீறினால் அபராதம் இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. மக்களுக்கு ‘நன்னடத்தைப் புள்ளி’ போட்டு அதன்படி அவர்களை நியாயமின்றி நடத்தும் முறையை அது அடியோடு தடைசெய்கிறது. நீதித்துறை, வேலைக்கு ஆளெடுப்பு போன்றவற்றில் பயன்படும் கருவிகளுக்கு மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது.

வேலைக்கு ஆளெடுப்பு என்றதும் எனக்குப் பத்து காவான்தான் நினைவுக்கு வருகிறது. இங்குள்ள மின்னியல் தொழிற்சாலைகளுக்கு நாளை நம் மாணவர்கள் விண்ணப்பம் போடுவாங்க. முதலில் அதை வடிகட்டுவது கணினியாகவும் இருக்கலாம். ‘தேர்வாகவில்லை’ என்ற ஒற்றை வரி வந்தால், காரணம் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டாமா?

மாணவர்களே, கட்டுரையில் இந்த மூன்றையும் வரிசையாக எழுதுங்கள்: எந்த உரிமை பாதிக்கப்படுகிறது? யார் பொறுப்பு? பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம்? ஆசிரியர்கள் கோத்தா கினபாலு வழக்கை வகுப்பில் விவாதமாகவே நடத்தலாம். ஒரு குழு வழக்கறிஞர் பக்கம், மற்றது கருவியின் பக்கம். எந்தப் பக்கம் வென்றாலும் சரி, ‘ஏன்?’ என்று கேட்கும் பழக்கம் வகுப்பில் வந்துவிடும்.