கண்மாய்க் கரையில் புற்றுக்காளான்

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் தொண்டி, திருவாடானை வட்டாரத்துக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றினாலேயே கிடைப்பதால், கண்மாய்க் கரையிலும் பனங்காட்டிலும் காளான் முளைப்பதும் பெரும்பாலும் அந்த ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டியே நிகழ்கிறது. சிறுபாணாற்றுப்படையில் காளாம்பி என்னும் பெயரோடு வரும் இந்த இனத்துள், சமவெளி மக்கள் மிக விரும்பித் தேடுவது புற்றுக்காளானே. இடி இடித்தால் அது முளைக்கும் என்பது ஊர் வழக்கு. இடியோடு வரும் மழை மண்ணை இளக்கி, நிலத்தடியில் காத்திருக்கும் பூஞ்சைக்கு வழிவிடுகிறது என்பதே அதிலுள்ள உண்மை.

கறையான் தான் மென்ற சருகையும் மரத்துகளையும் கொண்டு புற்றுக்குள் தேனடை போன்ற அடையைக் கட்ட, அதில் வளரும் பூஞ்சை அந்த நாரைப் பதப்படுத்திக் கறையானுக்கே உணவாக்குகிறது. டெர்மிட்டோமைசீஸ் என்று 1942இல் இப்பேரினத்துக்குப் பெயரிட்டவர் ரோஜர் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர்; அவர் நினைவாக ஓர் இந்தியச் சிற்றினத்துக்கு டெர்மிட்டோமைசீஸ் ஹைமி என்று 1979இல் பெயர் சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன்.

இக்காளானின் முதல் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. குடையின் உச்சியில் மண்ணைத் துளைத்து வருவதற்கென்றே கெட்டியான முனை இருக்கும். தண்டோ தரைக்குக் கீழே ஆணிவேர்போல் மெலிந்து, புற்றின் அடைவரை நீளும். வெடுக்கெனப் பிடுங்கினால் வேர் அறுந்து அந்த அடையாளமே போய்விடுமாதலால், சுற்றிலும் மண்ணைக் குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வித்துத்தூளின் நிறம். விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தால், அடியில் மடிப்பு மடிப்பாக உள்ள செவுள்களிலிருந்து தூள் உதிர்ந்து தாளில் படியும். புற்றுக்காளானில் அது இளஞ்சிவப்பு; பூங்காப் புல்வெளிகளில் வளர்ந்து பலரை ஏமாற்றும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளானிலோ பச்சை. இளமையில் அதன் செவுளும் வெண்மையாகவே இருப்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்தவர்கள் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு துன்புறுகின்றனர். இளஞ்சிவப்புத் தூள் உதிர்க்கும் நச்சுக்காளான்களும் உலகில் உண்டாகையால், நிறம் மட்டும் போதிய சான்றாகாது.

வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்னும் சோதனைகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அமானிட்டா இனத்தின் சில காளான்களிலுள்ள அமாடாக்சின் என்னும் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரத்துக்கும் மேலான பிறகே வாந்தி தொடங்கி, இடையில் குணமானதுபோல் தோன்றி, பின்னர் ஈரலைச் சிதைக்கும். ஐயம் எழுந்த காளானை உண்ணாமல் விடுவதே முறை. உண்டுவிட்டால், எஞ்சியதை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காட்டில் கண்ட பால்காளானை வைக்கோலில் வளர்க்கும் வகையாக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்று வெளியிட்டது. அப்பெயர் அருப்புக்கோட்டையைக் குறிப்பது. கறையானின்றி வாழாத புற்றுக்காளானோ அப்படிக் கொட்டகைக்குள் வந்து சேரவில்லை. அடை உயிரோடிருக்கும்வரை அதே இடத்தில் ஆண்டுதோறும் முளைப்பதால், பழகியவர்கள் தண்டோடு மட்டும் எடுத்துக்கொண்டு, கிளறிய மண்ணை மறுபடி மூடிவிட்டுச் செல்கின்றனர்.