கல்யாண கேசட்டுக்கு வயசாகிறது!

பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிறோம். கல்யாண வீடியோ கேசட் மட்டும் பல வீடுகளில் பரணில்தான் கிடக்கிறது. வெயிலும் ஈரமும் தூசியும் அதை மெல்ல மெல்லக் கெடுத்துக் கொண்டிருக்கும், தோழியரே!

எங்கள் அம்மையார்குப்பம் நெசவுக்குப் பேர் போன ஊர். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி புகாத இடமே கிடையாது. எங்கள் வீட்டில் நான்கு கேசட்டுகள். 1994-ல் நடந்த எங்கள் கல்யாணம் இரண்டு, கொழுந்தனார் கல்யாணம் ஒன்று, திருத்தணி மலையில் மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியது ஒன்று. மாமனார் காலமாகி வெகு வருஷமாகிறது. அவர் குரல் இருப்பது எங்கள் கல்யாண கேசட்டில் மட்டும்தான்.

அந்த நாளில் டெக்கை வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்ப்போம். இப்போது டெக்குக்கு எங்கே போவது? கடைசி வரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட் நன்றாகவே இருந்தாலும், போட்டுப் பார்க்க மெஷின் வேண்டுமே!

1931-ல் வந்த தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. ஊரே திரண்டு பார்த்த அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. அதற்கே அந்தக் கதி என்றால், ஒரே ஒரு பிரதி உள்ள நம் வீட்டுக் கேசட் எம்மாத்திரம்?

அதனால் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றக் கொடுத்தோம். ஒரு கடையில் பந்தி, நலங்கு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பாட்டுப் போட்டு அரை மணி நேரப் படமாக்கிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பந்தியில்தானே மாமனார், "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துப்பா" என்று சொல்கிறார்! நல்லவேளை, கேசட் எங்கள் கையில் இருந்தது. வேறொரு கடையில் கொடுத்து முழுசாக ஏற்றி வாங்கினோம். அனுபவத்தில் தெரிந்து கொண்டவை இவை:

* "ஒன்றையும் வெட்டாமல் முழுசாக ஏற்றுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஓட்டியாக வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

* நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. டெக்கும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

* ஏற்றியான பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உறையில் போட்டு, புத்தகம் போல நிற்க வைத்து, ஈரமில்லாத பீரோவில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். அதில் காந்தம் இருக்கிறது.

* பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமோ நாத்தனாரிடமோ ஒரு பிரதி இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

* பெயரில் வருஷத்தை முதலில் போடுங்கள். '1994 கல்யாணம் 1', '1994 கல்யாணம் 2' என்று வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். செல்போனில் குவிந்து கிடக்கும் படங்களுக்கும் இதே முறைதான்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அத்தைக்கு எண்பதை நெருங்குகிறது. நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நிறுத்தும்மா, நிறுத்தும்மா! இவரு யாருன்னு தெரியுதா? பொதட்டூர்பேட்டை பெரியப்பா. உன் தாலிக்குப் பொன் உருக்கினப்போ இவருதான் கூட இருந்தாரு" என்றார். முப்பது வருஷமாக எனக்குத் தெரியாத சங்கதி! ஒரே மத்தியானத்தில் நாற்பத்தேழு பேரை அடையாளம் சொல்லிவிட்டார். எத்தனையாவது நிமிஷத்தில் யார் வருகிறார் என்று எழுதி, அந்த நோட்டையும் கேசட்டோடு வைத்திருக்கிறேன்.

கேசட்டைக் கடையில் கொடுத்தால் படமாக்கித் தருவார்கள். முகத்துக்குப் பேர் சொல்ல நம் வீட்டுப் பெரியவர்களால்தான் முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, அம்மையார்குப்பம்.