கருவி வருமுன் அறையைத் தயார் செய்வோம்

கதிர் அடிக்கும் முன்பு களத்தைப் பெருக்கி மெழுகுகிறோம். மாடு வாங்கும் முன்பு கொட்டகை போடுகிறோம். மின் கருவிகளுக்கும் அப்படித்தான். முதலில் இடம் தயாராக வேண்டும்.

நாட்டில் உள்ள சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க மத்திய அரசு 2011-ஆம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2015-இல் அதற்குப் ‘பாரத்நெட்’ என்று பெயர் மாற்றினார்கள். தலைமுடி போன்ற மெல்லிய இழை. அதன் வழியே செய்தி ஒளியாக ஓடி வருகிறது. அதை வாங்கிக் கொடுக்கும் கருவிகளைப் பெரும்பாலும் ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கிறார்கள்.

இத்தகைய கருவிகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காகத் திருகிப் பொருத்துவார்கள். இதற்கு ‘ரேக்’ என்று பெயர். பார்ப்பதற்குப் பீரோ போல இருக்கும். சிறிய ரேக் சுவரில் தொங்கும். பெரியது தரையில் நிற்கும்.

கருவி பழுதானால் நமக்குத்தான் நட்டம். உள்ளூரில் முடிய வேண்டிய வேலைக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். ஆகவே அறையில் நாம் கவனிக்க வேண்டியவை என்ன?

இடம்

கூரை ஒழுகக் கூடாது. சுவரில் ஈரம் இருக்கக் கூடாது. மழை வெள்ளம் புகாத உயரத்தில் ரேக் இருக்க வேண்டும். கம்பி நுழையும் துளையைச் சுற்றி நன்றாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலி புகுந்து கம்பியைக் கடிக்கும். அறைக்குப் பூட்டும் தேவை.

தரையும் எடையும்

தரை சமமாக, உறுதியாக இருக்க வேண்டும். ரேக்கைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கனமான பேட்டரியைக் கீழே வைக்க வேண்டும். மேலே வைத்தால் ரேக் கவிழ்ந்து விழலாம்.

காற்று

கருவிகள் ஓடும்போது சூடாகும். சூடு வெளியேறாவிட்டால் அவை கெட்டுப்போகும். ஆகவே ரேக்கை ஒட்டி மூட்டைகளை அடுக்கக் கூடாது. ஈய அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். அறையில் காற்றோட்டம் வேண்டும். அங்கே பீடி பற்ற வைக்கவே கூடாது.

எர்த் கம்பி

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ரேக் இரும்பால் ஆனது. உள்ளே ஒரு மின்கம்பியின் உறை உரிந்து இரும்பில் பட்டால் என்ன ஆகும்? ரேக் முழுவதும் மின்சாரம் ஏறும். அது 230 வோல்ட். தொட்டவரின் உயிரைப் பறிக்கும். சரியான எர்த் கம்பி இருந்தால் மின்சாரம் அந்த வழியே போய்விடும். ஃப்யூஸ் உருகி இணைப்பைத் துண்டித்துவிடும்.

மூன்று முனை பிளக்கில் தடித்த முனை எர்த்துக்கு உரியது. ஆனால் சுவரில் மூன்றாவது துளை இருந்தால் மட்டும் போதாது. பின்னால் கம்பி இணைக்கப்படாமலே இருக்கலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரேக்கின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். வெயில் காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண் காய்ந்துவிட்டால் மின்சாரம் எளிதில் இறங்காது.

தீப்பிடித்தால்

தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அந்தச் சுவிட்ச் எளிதில் எட்டும் இடத்தில் இருக்கட்டும். கரியமில வாயு தீயணைப்பான் ஒன்றை வாசலருகே மாட்டி வையுங்கள்.

இவற்றைச் செய்யப் பெரும் பணம் தேவையில்லை. கவனம்தான் தேவை. கட்டடம் ஊராட்சியுடையது. ஊராட்சி நம்முடையது. அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்:

நம் ஊராட்சிக் கட்டடத்தின் எர்த் குழி எங்கே இருக்கிறது?

அதற்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது?