ஜிம்மி நல்ல பையன் இல்லை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி இளைஞர்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுகிறார்கள். வாடகை, வேலைப்பளு, சில்க் போர்டு நெரிசல் எல்லாம் எழுதியாயிற்று. இந்த முறை கார்ட்டூன். நீலாத்ரி ரோட்டுப் பி.ஜி. விடுதிகளில் ராத்திரி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ‘சவுத் பார்க்’ பார்க்கிற சேலத்து, தருமபுரிப் பையன்கள் சும்மா சிரித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் என்று நினைத்துத்தான் பேச ஆரம்பித்தேன். பேச்சு அதில் வருகிற டிம்மியிலும் ஜிம்மியிலும் போய் நின்றுகொண்டது. ஒருவன் சக்கர நாற்காலியில் வருகிறவன், தன் பெயரைத் தவிர அதிகம் பேசமாட்டான். மற்றவன் இரண்டு ஊன்றுகோல், திக்குவாய், மேடையேறி ஜோக் சொல்கிறவன்.

ஜிம்மியின் 2004 கதை ஒன்றைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுப் போட்டியில் ஜெயித்தே தீரவேண்டும் என்று ஊக்கமருந்து எடுக்கிறான். உடம்பு முறுக்கேறுகிறது, கூடவே புத்தி கெடுகிறது. ஆத்திரத்தில் காதலியை அடிக்கிறான், பெற்ற அம்மாவையும் அடிக்கிறான். இதே போட்டியில் அவன் பள்ளித்தோழன் கொழுத்த கார்ட்மன், ‘இவங்களை ஜெயிக்கிறதா கஷ்டம்’ என்று கணக்குப் போட்டு, மாற்றுத்திறனாளியாக வேஷம் கட்டி நுழைகிறான். கடைசியாக வருகிறான். பரிசு வாங்கிய ஜிம்மி, தான் செய்தது தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுக்கிறான்.

காலில் காலிப்பர் போட்டு நடக்கிற தருமபுரிக்காரர் ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டி முதல் ஃபேஸில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். இந்தக் கதையைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “சார், நம்ம படத்துல எங்காளு ஒருத்தனாவது தப்பு பண்ணி, மாட்டி, திட்டு வாங்கியிருக்கானா? ஒண்ணு சாமி மாதிரி இருப்பான், இல்ல அழுதுட்டு இருப்பான். ஜிம்மி ஃப்ராடு சார். அதான் புடிச்சிருக்கு.”

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ‘16 வயதினிலே’ (1977) சப்பாணியை ஊரே சீண்டும், நெடுநாள் தாங்குவான். ‘காசி’ (2001) அழவைத்தான், ‘பேரழகன்’ (2004) கூன் முதுகோடு அன்பைப் பொழிந்தான். ‘மொழி’ (2007) நாயகிக்குக் கோபமும் குத்தல் பேச்சும் கொடுத்தார்கள், ‘குக்கூ’ (2014) பார்வையற்றவர்களைத் தங்களுக்குள் கிண்டலடிக்க விட்டது. அந்த இரண்டுக்கும் தனியாகக் கும்பிடு போடலாம். மற்றபடி நம் திரையில் உடற்குறை உள்ளவர் என்றால் தியாகத்தின் வாடகை வீடு. தியாகம் இல்லாத இடத்தில் காமெடி டிராக்.

அந்த டிராக்குக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. ‘சின்னத்தம்பி’ (1991). மாலை ஆறு மணிக்கு மேல் கண் தெரியாது, வெளியே சொல்லவும் முடியாது என்று கவுண்டமணி தடுமாறுகிற காட்சிகள் இன்றைக்கும் டி.வி.யில் ஓடுகின்றன. நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். அதைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது சேலத்துப் பெண் ஒருத்தி. வெப்சைட்டுகளை ஸ்கிரீன் ரீடர் வைத்துச் சோதித்துத் தரும் அக்ஸஸிபிலிட்டி வேலை. அவளுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கிற குச்சி செல்கள் முதலில் சாகும். அதனால் மாலைக்கண்தான் முதல் அறிகுறி. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும்.

“அது கடிகாரம் பார்த்து வராதுங்க சார்” என்றாள். டியூப்லைட் பளிச்சென்று எரிகிற ஹாலில் ராத்திரி ஒன்பது மணிக்கும் அவள் எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துப் பேசுவாள். இருட்டு சினிமா தியேட்டரில் பகல் காட்சிக்கே தடுமாறுவாள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியபிறகு எலெக்ட்ரானிக் சிட்டி ஸ்டேஷன்வரை பிரச்சினையில்லை, விளக்கும் லிஃப்டும் இருக்கின்றன. ஸ்டேஷனைவிட்டு இறங்கிப் பி.ஜி.க்குப் போகிற வழிதான் ஆபத்து: ஸ்லாப் பெயர்ந்த நடைபாதை, மரத்தடி இருட்டு, வாய் பிளந்த சாக்கடை. ஒரு நாள் அவள் கை நீட்டித் தடவிக்கொண்டு போனதைப் பார்த்துப் பின்னால் வந்த இரண்டு தமிழ்ப் பையன்கள் அந்தப் பட வசனத்தைச் சொல்லிச் சிரித்தார்களாம். “அவங்களுக்கும் தெரியாது சார். படத்துல அப்படித்தானே காட்டினாங்க.”

உச்ச நீதிமன்றமும் இதே இடத்தில் விரல் வைத்திருக்கிறது. ‘ஆங்க் மிச்சோலி’ (2023) என்ற இந்திப் படத்தில் மாலைக்கண், மறதி நோய், திக்குவாய் எல்லாம் கேலிப்பொருளாயின. அதை எதிர்த்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி மேலே போனது. 2024 ஜூலை 8இல் வந்த தீர்ப்பு படத்தைத் தடுக்கவில்லை. எடுப்பவர்களுக்கு வழிமுறைகள் சொன்னது. ஒரு குறைபாட்டைக் காட்டுமுன் மருத்துவ விவரத்தைச் சரிபாருங்கள் என்று சொன்ன இடத்தில் மாலைக்கண்ணையே உதாரணம் காட்டியது. ஊனத்தைப் பற்றிய பொதுப்புத்தியை அசைத்துப் பார்க்கிற நகைச்சுவை வேறு, அந்த மனிதரைச் சிறுமைப்படுத்துகிற நகைச்சுவை வேறு என்று கோடும் போட்டது. சம்பந்தப்பட்டவர்களைக் கலக்காமல் அவர்களைப் பற்றி எடுக்காதீர்கள் என்றும் சொன்னது.

அந்தக் கோட்டை வைத்து டிம்மியைப் பாருங்கள். 2000இல் வந்த கதை. வகுப்பில் என்ன கேட்டாலும் டிம்மி தன் பெயரைச் சொல்கிறான். அவனுக்குக் கவனக்குறைபாடு என்று சீட்டு எழுதி வீட்டுப்பாடத்திலிருந்து விலக்குத் தருகிறார்கள். கண்ணுக்கு எதிரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை ஒரு பெரியவருக்கும் தெரியவில்லை! மற்ற பையன்களும் அதே சீட்டைக் கேட்க, நிபுணர் ஒரு நாவலை முழுக்கப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டுச் சோதிக்கிறார்; பிறகு அவர்களும் மாத்திரை போட்டு மந்தமாகிவிடுகிறார்கள். டிம்மி ஒரு ராக் பேண்டில் பாடகனாகிறான், கூட்டம் கூடுகிறது. ‘அவனை வைத்துக் கேலி செய்கிறீர்கள்’ என்று பெரியவர்கள் கொதிக்கிறார்கள். டிம்மிக்கோ மேடை பிடித்திருக்கிறது. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று சின்னக் குழந்தைக்கும் விளங்கும். 2005இல் பிபிசியின் மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய இதழ் வாக்கெடுப்பு நடத்தியபோது, தொலைக்காட்சியின் தலைசிறந்த மாற்றுத்திறனாளிப் பாத்திரமாக இவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சேலத்துப் பெண்ணுக்கு இந்தத் தொடர் பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோன்ற உருவங்கள், தட்டையான அடர் நிறங்கள். இருட்டிலேயே எடுக்கப்படுகிற இந்தக் கால வெப் சீரிஸ்களில் அவளுக்குப் பாதி தெரியாது; இது தெரிகிறது.

மற்ற கார்ட்டூன்களும் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கின்றன. ‘ஃபேமிலி கை’ 2010இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அதே நிலையில் உள்ள நடிகையே குரல் கொடுத்தார். கதைப்படி அவள் அடாவடிக்காரி, காதலனைப் படாதபாடு படுத்துகிறாள். ‘சிம்ப்ஸன்ஸ்’ 2022இல் காது கேளாத பாத்திரத்துக்குக் காது கேளாத நடிகரையே பேசவைத்தது. அங்கே ஒரு வேடிக்கையான சிக்கல்: அந்தத் தொடரில் ஏறக்குறைய எல்லாருக்கும் கைக்கு நான்கே விரல். ஐந்து விரலுக்கான சைகை மொழியை அதற்கு ஏற்ப மாற்றி வரைய வேண்டியிருந்தது.

எப்படிக் காட்டினாலும் கேலி கேலிதான், பள்ளிக்கூடத்தில் அடிவாங்குவது எங்கள் பிள்ளைகள்தான் என்று சொல்கிற பெற்றோர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவலையை ஒதுக்க முடியாது.

என் கவலை வேறு. இருபத்திரண்டு நிமிஷக் கதையில் சிரிப்பு பெரியவர்களின் அசட்டுத்தனத்தின் மேல் விழுகிறது. அதிலிருந்து எட்டு வினாடியை வெட்டி எடுத்தால் பெரியவர்கள் போய்விடுவார்கள். நிபுணர் இல்லை, நாவல் இல்லை, ஏமாந்த கார்ட்மன் இல்லை. மிஞ்சுவது சக்கர நாற்காலியும் கோணல் குரலும் மட்டும். இன்றைக்கு இந்தத் தொடரைப் பார்க்கிறவர்களைவிட அதன் துண்டுகளைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரீல்ஸ், ஸ்டிக்கர், ரிங்டோன். அதையேதான் ‘சின்னத்தம்பி’க்கும் செய்தோம். சேலத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த அந்தப் பையன்கள் முழுப்படத்தைப் பார்த்திருப்பார்களோ என்னவோ, காமெடி பிட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் கத்தரிக்கோல் முன்னால் எழுத்தாளர் தோற்றுத்தான் போகிறார். சட்டத்துக்கு முழுக்கதையும் துண்டும் ஒன்றா என்பதை யாராவது விவாதிக்க வேண்டும். நான் பார்த்தவரை யாரும் தொடங்கவில்லை.

தருமபுரிக்காரரின் டீம் வாட்ஸப் குழுவிலும் அப்படி ஒரு துண்டு வந்து விழுந்தது. அவர் மீட்டிங்குக்கு இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தார், லிஃப்ட் ரிப்பேர். குழுவில் ஒருவர் டிம்மி ஸ்டிக்கரைப் போட்டார். ஏழெட்டுச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, பலர் பார்க்கும் இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனத்தில் மாற்றுத்திறனாளிகளின் வேலைச்சேர்க்கையையும் வசதிகளையும் கவனிக்க ஒரு லைசன் ஆபீசர் இருக்க வேண்டும் என்று விதியும் உண்டு. அவருடைய கம்பெனியில் அப்படி யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன். இன்ட்ரானெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, “பேர் இருக்கு சார், அவர் போன வருஷமே ரிசைன் பண்ணிட்டார்” என்றார்.

புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதன்பிறகு யாரும் தன்னிடம் ஜோக்கே அடிக்கமாட்டார்கள், அது இதைவிடக் கொடுமை என்றார். அதற்குப் பதில், அந்த முழு எபிசோடின் லிங்க்கைக் குழுவில் போட்டு, “முழுசா பாருங்கடா, அதுல மெண்டல் நீங்கதான்” என்று எழுதினார். பார்த்தது ஒரே ஒருவர். ஆகவே இப்போது விதி மாறியிருக்கிறது: டிம்மி ஸ்டிக்கர் போடுகிறவர் மறுநாள் கேன்டீனில் அவருக்கு டீயும் பப்ஸும் வாங்கித் தர வேண்டும். போன வாரம் முழுக்கக் கைக்காசு செலவில்லாமல் ஓடியதாம்.