வளர்ப்புக் குழந்தையும் வீட்டாரின் உழைப்பும்

தாய் தந்தையரை இழந்த குழந்தையைப் பாட்டியோ, அத்தையோ, தாய்மாமனோ எடுத்து வளர்ப்பது நம் நாட்டில் புதிதன்று. கீழக்குயில்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இதனைத் தொண்டு என்று எவரும் கருதுவதில்லை. “உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டால் ஆயிற்று” என்று சொல்லிவிடுவர். அரிசியைக் கூடப் போடலாம். நாழிகையைக் கூடப் போட இயலாது. குழந்தையை ஏற்றவர் கூலிக்கும் உழைக்க வேண்டியவராயின், அந்த நாழிகையை எங்கிருந்து பெறுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நமது அங்கத்தினரின் தொழில்களை எண்ணிப் பாருங்கள். மல்லிகை மொட்டு விரியுமுன் பறிக்கப்பட்டுக் காலையிலேயே சந்தைக்குச் சென்றாக வேண்டும். மலர்ந்த பூவுக்கு விலையில்லை. ஆகவே பூப்பறிக்கும் பெண் இருள் பிரியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். நெசவாளர் வீட்டிலோ, பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெருவில் விரிக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடிதல் வேண்டும். அதற்கு வீட்டார் அனைவரும் நிற்க வேண்டும். குழந்தையை எழுப்பி, முகம் கழுவி, உண்பித்துப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும் அதுவே. பெற்ற குழந்தையாயின் பழகிய ஒழுங்கு ஒன்றிருக்கும். பிரிவைக் கண்டு வந்த குழந்தைக்கு, விழித்தவுடன் வீட்டில் ஆள் இல்லாதிருப்பது சிறு விஷயமன்று.

இனி, சட்டம் கூறுவதைப் பார்ப்போம். தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. தத்தெடுத்த குழந்தை சட்டப்படி அவ்வீட்டின் மகவாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பிலோ, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையால் குழந்தை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. குறுகிய காலத்திற்கும் இருக்கலாம், நீண்ட காலத்திற்கும் இருக்கலாம். இவ்வாறு ஒப்படைக்கப்படுவோர் பெரும்பாலும் ஆறு வயது நிறைந்தவர்கள். 2024-இல் திருத்தப்பெற்ற வழிகாட்டு நெறிகள் 35 முதல் 60 வயது வரையுள்ள தனித்து வாழ்வோரும் இப்பொறுப்பை ஏற்கலாம் என்று இடமளித்துள்ளன. தனித்து வாழ்பவர் உழைத்துத்தானே உண்ண வேண்டும்? இருவர் சம்பாதிக்கும் வீட்டைவிட அங்கே நேரத்தின் நெருக்கடி மிகுதி.

உதவித் தொகை உண்டு. முன்னர் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகளில் 4,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 133 ரூபாய்ச் சொச்சம். இது குழந்தையின் உணவு, உடை, கல்வி ஆகியவற்றுக்கான தொகையேயன்றி வளர்ப்பவருக்குரிய கூலியன்று. இதனை நம்பி வேலையை விட்டுவிட எவராலும் இயலாது. உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கும் நிதி ஆதரவு என்ற பெயரில் இதே தொகை உண்டு. ஆனால் கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டலாகாது என்ற வரம்பு வைக்கப்பட்டது. அஃதாவது மாதம் 6,000 ரூபாய். கணவன் தறியிலும் மனைவி பூந்தோட்டத்திலும் முறையாக உழைத்தாலே இவ்வரம்பு கடந்துவிடும். குழந்தைக்காகக் கூடுதலாக உழைப்பவர் அவ்வுழைப்பினாலேயே உதவியை இழக்க நேர்வது முறையன்று என்பது எமது கருத்து. கொரோனாத் தொற்றினால் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடமோ பாதுகாவலரிடமோ வளரும் குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் தரப்படும் எனத் தமிழக அரசு 2021 மே மாதத்தில் அறிவித்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

விடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்த தாய்க்கு 12 வார விடுப்பு அளித்தது. வளர்ப்புத் தாயை அது குறிக்கவில்லை. குறித்திருந்தாலும், வீட்டுத் தறியில் நெய்பவருக்கு விடுப்பளிக்க முதலாளி யார்?

ஆகவே நமது சங்கங்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. வேலைத் தலத்துக்குப் பெண்கள் அழைத்து வரும் சிறு குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், அப்பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைக் கவனிக்கவே அமர்த்தி, அவருக்கும் கூலி வழங்க வேண்டும் என்பது அது. பூப்பறிக்கும் காலத்தில் விடியற்காலை இரண்டு மணி நேரத்திற்கு இத்தகைய ஏற்பாட்டைச் செய்யச் சங்கத்திற்குப் பெருஞ்செலவாகாது. அதன்பின் பள்ளி இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டே மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிக் குழந்தையைப் பொறுத்தவரை அடுப்பங்கரைச் சுமையைப் பெரிதும் குறைத்துவிட்டது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தார் சுற்றுவதற்குக் குழந்தையின் கை வேகமானது என்பது நெசவாளர் வீட்டில் பழைய பேச்சு. 2016-இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலைகளில் மட்டும், உதவலாம் என்கிறது. ஆனால் ‘குடும்பம்’ என்பதற்கு அச்சட்டம் தரும் பொருளில் தாய், தந்தை, உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார் ஆகியோரே வருவர். உறவற்ற வளர்ப்பு வீட்டார் அதில் இல்லை. எனவே வளர்ப்புக் குழந்தையைத் தறியண்டை உட்கார வைப்பது, சற்று நேரமேயாயினும், தவறு. கைக்குதவியாக இருக்குமே என்று குழந்தையை ஏற்க நினைப்பவர் ஏற்காதிருப்பதே நலம்.

குழந்தைகள் நலக் குழு வளர்ப்பு வீடுகளை மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்பதும் சட்டமே. இவ்வூர்ப் பெரியோர் சிலர்க்கு, அதிகாரிகள் வீடு தேடி வருவது என்றாலே கசப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் 1914-இல் கீழக்குயில்குடிக் கள்ளர் அறிவிக்கப்பட்டதும், இரவுதோறும் ஆடவர் ஆஜராகிக் கைரேகை வைக்க நேர்ந்ததும், 1947-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழியும் வரை நீடித்த துன்பமும் மறக்கத்தக்கவையல்ல. ஆயினும் இப்பார்வை குழந்தையின் பொருட்டு நடப்பது. குழந்தை உண்கிறதா, பள்ளி செல்கிறதா, அச்சமின்றி உறங்குகிறதா என்பதையே வருபவர் கேட்பார். வீட்டார்க்குக் குறை இருப்பின் அவரிடமே சொல்லலாம்.

ஆணையின்றி வாய்மொழியாகக் குழந்தையை வைத்திருப்போர் மதுரை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி விவரம் பெறுக. 1098 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். குழுவின் முன் ஆஜராகும் நாளும் சங்கத்தில் துணி ஒப்படைக்கும் நாளும் ஒன்றாக அமைந்துவிடின், முதல் நாளே எழுத்தரிடம் தெரிவித்து வேறு நாள் கேட்டுக்கொள்ளலாம். அதற்காக எவருக்கும் நூல் வழங்கும் முறை தவறாதபடி நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் இயற்றி வைத்தல் நன்று.